பிக்ஸி ஸ்டோய்கோவிச்சின் நான்கரை ஆண்டுகள்: குறை பயிற்சியாளரிடமா, பதவியிடமா?

மேற்கு கேலரி (இழையைத் தொடங்கியவர்)

2025 அக்டோபர் 11 அன்று லெஸ்கோவாச்சில் அல்பேனியாவிடம் 0-1 என்று தோற்ற இரவே, ‘பிக்ஸி’ என்று செல்லமாக அழைக்கப்படும் டிராகன் ஸ்டோய்கோவிச் செர்பியக் கால்பந்து அணியின் பயிற்சியாளர் பொறுப்பைத் துறந்தார். அதற்கு ஒரு மாதம் முன்பு பெல்கிரேடில் இங்கிலாந்திடம் 0-5 என்று தோற்றிருந்ததால், அந்த விலகல் யாருக்கும் வியப்பாக இருக்கவில்லை. எனக்கு வியப்பாக இருந்தது வேறொன்று. 2021 நவம்பரில் லிஸ்பனில் போர்ச்சுகலை வீழ்த்தியபோது அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியவர்களே, இவர் என்றைக்குமே பயிற்சியாளராக இருந்ததில்லை, பழைய புகழை வைத்துப் பிழைத்தவர் என்று இப்போது எழுதுகிறார்கள்.

நிஷ் நகரத்தில் 1965 மார்ச் 3 அன்று பிறந்த அவர், தம் 56ஆவது பிறந்தநாளன்று இந்தப் பொறுப்புக்கு வந்தார். கத்தாரில் நடந்த 2022 உலகக் கோப்பைக்கும், ஐரோப்பிய நாடுகள் மோதும் 2024 யூரோவுக்கும் அணியை அழைத்துச் சென்றார். இரண்டிலும் குழுவின் கடைசி இடம்தான் கிடைத்தது. ஒரு தேசிய அணியைப் போட்டிக்குத் தகுதி பெறச் செய்வதும் அங்கே போய் வெல்வதும் இரு வேறு திறமைகள் என்பது என் எண்ணம். அவரிடம் முதலாவது இருந்தது, இரண்டாவது இல்லை. ஆட்டக்காரராக அவரைப் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள் என்பதால், அங்கிருந்தே பேச்சைத் தொடங்கலாம்.

பத்தாம் எண்

பார்த்தவன் என்ற தகுதியில் எழுதுகிறேன். 1990 உலகக் கோப்பையைத் தூர்தர்ஷன் காட்டியபோது எங்கள் தெருவில் மூன்று வீடுகளில்தான் தொலைக்காட்சி இருந்தது. ஜூன் 26 அன்று வெரோனாவில் நடந்த ஸ்பெயின்-யூகோஸ்லாவியா (செர்பியா அப்போது அதன் ஒரு பகுதி) ஆட்டம் நமக்கு இரவு எட்டரை மணிக்குத் தொடங்கியது. மாரடோனாவைத் தவிர வேறு பெயர் தெரியாத கூட்டம் அது. ஆட்டம் முடிந்தபோது இன்னொரு பத்தாம் எண்ணின் பெயரும் தெரிந்திருந்தது. நான் இங்கே வைத்துக்கொண்டிருக்கும் புனைபெயர் அந்த இரவிலிருந்து வந்ததுதான்.

முதல் கோலைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இடப்பக்கத்திலிருந்து வந்த பந்து சக வீரர் கட்டானெச்சின் தலையில் பட்டு, தூரத்துக் கம்பத்தின் பக்கம் நின்ற ஸ்டோய்கோவிச்சிடம் மேலிருந்து இறங்கியது. தரையில் விழுமுன் அதை ஓங்கி உதைப்பார் என்று பார்த்தவர்கள் அத்தனை பேரும் எதிர்பார்த்தார்கள். ஸ்பெயினின் மார்ட்டின் வாஸ்கேஸும் அப்படித்தான் எதிர்பார்த்துத் தடுப்பதற்காகப் பாய்ந்து விழுந்தார். ஓங்கிய காலை இவர் அப்படியே நிறுத்தி, பந்தை மெத்தென்று அடக்கிவிட்டார். வாஸ்கேஸ் அவரைக் கடந்து புல்லில் வழுக்கிக்கொண்டே போனார். அதன் பிறகு, அவசரம் என்ற சொல்லே தெரியாதவர்போல, கோல்கீப்பர் சுபிசரேட்டாவைத் தாண்டிப் பந்தை உள்ளே தள்ளினார். ஸ்பெயின் சமன் செய்தது. கூடுதல் நேரத்தின் தொடக்கத்தில், சுவரைச் சுற்றி வளைந்து போன ப்ரீ கிக் ஒன்றால் 2-1 என்று ஆட்டத்தை முடித்து வைத்தவரும் அவரே.

நான்கு நாள் கழித்து ஃபிளாரன்ஸில் அர்ஜென்டினா. ஷபனாஜோவிச் அரை மணி நேரத்திலேயே சிவப்பு அட்டை பெற்று வெளியேற, மீதி நேரம் முழுவதும் பத்துப் பேரோடு ஆடி, 120ஆவது நிமிடம்வரை 0-0 என்று தாக்குப்பிடித்தார்கள். பயிற்சியாளர் இவிட்சா ஓசிமின் அந்த அணி அன்று ஆடிய ஆட்டத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பெனால்டி ஷூட்அவுட்டில் யூகோஸ்லாவியாவின் முதல் உதை ஸ்டோய்கோவிச்சுடையது. பந்து குறுக்குக் கம்பத்தில் மோதி மேலே போனது. மாரடோனாவின் உதையைக் கோல்கீப்பர் இவ்கோவிச் தடுத்தும்கூட இறுதியில் 3-2 என்று அர்ஜென்டினா வென்றது.

அடுத்த ஆண்டு பாரியில் நடந்ததும் எல்லோருக்கும் தெரியும். அங்கே அவர் பெனால்டி உதைக்கவே மறுத்தார். கலைஞர் ஒருவர் தீர்மானமான நொடிக்கு முன்னால் தளர்ந்துபோகும் கதை இது என்று நான் நெடுநாளாக நினைத்திருக்கிறேன். பயிற்சியாளராகக் கத்தாரில் நடந்ததும் அதே கதையின் இன்னொரு அத்தியாயம்தான்.

பெஞ்ச் வீரன்

ஐயா சொல்வது படிக்க அழகாக இருக்கிறது. ஆனாலும் ஒரு மனிதரின் முப்பது ஆண்டுகளை ஒரே ஒரு பெனால்டியில் அடக்குவது சரியில்லை. அவர் பிரான்சின் மார்சே கழகத்துடன் 1993இல் ஐரோப்பியக் கோப்பையை வென்றவர். தளர்ந்துபோகிறவருக்கு அது கிடைக்குமா?

ஆஃப்சைடு கொடி

ஒரு திருத்தம். 1993 மே மாதம் மியூனிக்கில் பசீல் போலி என்ற வீரரின் தலையால் வந்த ஒரே கோலில் மார்சே மிலானை வென்றபோது ஸ்டோய்கோவிச் அந்த அணியின் பட்டியலில் இருந்தார், ஆனால் இறுதி ஆட்டத்தில் களமிறங்கவில்லை. பதக்கம் அவருடையது, அந்த வெற்றியை அவர் கணக்கில் எழுதுவதுதான் மிகை.

மார்சே காலத்தைப் பற்றிப் பேசும்போது முழங்காலை மறந்துவிடக் கூடாது. 1990 உலகக் கோப்பையின் சிறந்த பதினொருவரில் ஒருவராகத் தேர்வான சூட்டோடு, பெல்கிரேடின் ரெட் ஸ்டார் கழகத்திலிருந்து, பெர்னார் டாபி தலைவராக இருந்த மார்சேவுக்குப் போனார். அப்போது அவருக்கு வயது 25. அந்தப் பருவத்திலேயே முழங்கால் பழுதாகி, அறுவை சிகிச்சை, மாதக்கணக்கில் ஓய்வு என்று காலம் போய்விட்டது. 1991-92இல் வெரோனாவுக்கு இரவலாக அனுப்பப்பட்டார்; அந்த அணி அந்தப் பருவத்தில் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. அவர் மார்சேவுக்குத் திரும்பிய பின், வலான்சியேன் அணியுடனான ஆட்டத்துக்குப் பணம் கொடுத்த ஊழல் வெளியாகி, 1994இல் மார்சேவும் இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. இடையில், 1992 யூரோ தொடங்க இரு வாரங்கூட இல்லாத நிலையில், ஐநா தடை காரணமாக யூகோஸ்லாவியா நீக்கப்பட்டது. அதன் இடத்தில் அழைக்கப்பட்ட டென்மார்க் கோப்பையையே வென்றது. ஒருவருடைய 25 வயதிலிருந்து 29 வயது வரை இப்படிக் கழிந்தால், அதை மனத்தளர்ச்சி என்று எழுதுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பாரி ஆட்டத்தையும் நடந்தபடியே வைப்போம். 1991 மே 29, ரெட் ஸ்டாருக்கும் மார்சேவுக்கும் இடையிலான ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம். காயத்திலிருந்து மீண்டிருந்த அவரைக் கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடங்களில்தான் பயிற்சியாளர் கோதால்ஸ் உள்ளே அனுப்பினார். பெனால்டிக்காகவே அனுப்பினார் என்று பலரும் கருதினார்கள். தன்னை வளர்த்த கழகத்துக்கு எதிராக அதை உதைக்க மனம் இடம் தரவில்லை என்பது ஸ்டோய்கோவிச்சின் நிலை. அமோரோஸ் தவறவிட, ரெட் ஸ்டார் 5-3 என்று வென்றது. இதைப் பயம் என்று சொல்லலாம், விசுவாசம் என்றும் சொல்லலாம். பயிற்சியாளர் திறமைக்கு இது சான்றாகாது.

மேற்கு கேலரி

ரெட் ஸ்டாரை விட்டுவிட்டு அவரைப் பேச முடியாது. 1986 முதல் 1990 வரை நான்கே பருவங்கள் ஆடியவரை, அந்தக் கழகம் தன் வரலாற்றின் ஐந்தாவது ‘நட்சத்திரம்’ என்று அறிவித்து, மிட்டிச், ஷெகுலாரட்ஸ், ஜாயிச், பெட்ரோவிச் ஆகியோரின் வரிசையில் வைத்தது. வெற்றியை மட்டும் பார்த்து ரசிகர்கள் யார்மீதும் இப்படிக் காதல் வைப்பதில்லை. அவர்மீது வைத்ததற்குத் தோற்ற ஆட்டம் ஒன்றும் காரணம்.

1988 நவம்பர் 9. ஐரோப்பியக் கோப்பையின் இரண்டாம் சுற்று. மிலானில் ஸ்டோய்கோவிச் கோல் அடித்து 1-1 என்று முடிந்த பின், பெல்கிரேடில் மறு ஆட்டம். சாவிசெவிச் அடித்த கோலில் ரெட் ஸ்டார் 1-0 என்று முன்னணியில் இருந்தது, மிலான் அணியின் விர்டிஸும் வெளியேற்றப்பட்டிருந்தார். அப்போது இறங்கிய மூடுபனியில் ஒரு கோல் கம்பத்திலிருந்து நடுக்களம் கூடத் தெரியாமல் போய், நடுவர் ஆட்டத்தைக் கைவிட்டார். மறுநாள் முதல் நிமிடத்திலிருந்து மீண்டும் ஆடினார்கள். வான் பாஸ்டன் அடிக்க, ஸ்டோய்கோவிச் சமன் செய்ய, மீண்டும் 1-1. பெனால்டியில் மிலான் வென்றது. அந்தப் பனி அன்று இறங்காமல் இருந்திருந்தால் பயிற்சியாளர் சாக்கியின் மிலான் என்று இன்று உலகம் புகழும் அணி முதல் படியிலேயே தடுக்கி விழுந்திருக்கும் என்று பெல்கிரேடில் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன், ஆனால் நான் நடுநிலையானவன் அல்ல என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

ஐச்சிவாசி

இந்த இழையில் ஐரோப்பாவையே சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். நான் ஜப்பானின் ஐச்சி மாநிலத்தில் பதினொரு ஆண்டுகள் மோட்டார் வாகன உதிரிபாகத் தொழிலில் இருந்தவன். நகோயாவில் அவரை முழுப்பெயரால் யாரும் அழைக்க மாட்டார்கள். சிறுவயதில் அவர் விரும்பிப் பார்த்த எலிக் கார்ட்டூனிலிருந்து வந்த ‘பிக்ஸி’ என்ற செல்லப்பெயர்தான் அங்கே கடைக்காரர் முதல் தொழிற்சாலை மேற்பார்வையாளர் வரை எல்லார் வாயிலும் இருக்கும்.

1994இல், முழங்கால் தேய்ந்து, பேரும் மங்கிய நிலையில் அவர் நகோயா கிராம்பஸ் எய்ட்டுக்கு வந்தார். டொயோட்டாவின் ஆதரவும் இங்கிலாந்து வீரர் லினேக்கரின் பெயரும் இருந்தும் பட்டியலின் அடியில் கிடந்த அணி அது. ஓரிரு ஆண்டில் மூட்டை கட்டிவிடுவார் என்றுதான் எல்லோரும் கருதியிருப்பார்கள். 2001இல் ஓய்வு பெறும்வரை ஏழு ஆண்டுகள் இருந்தார். வந்த ஆண்டிலேயே நடந்த ஒரு காட்சியை நகோயாவில் இன்றும் போட்டுக் காட்டுவார்கள். கொட்டும் மழை, மைதானம் சேறும் குட்டையுமாகக் கிடக்கிறது, உருட்டிய பந்து இரண்டடி போய் நீரில் நின்றுவிடுகிறது. அதைக் கண்ட அவர் பந்தைக் கால் நுனியால் தூக்கி, தரையில் விழவிடாமல் தட்டித் தட்டிக்கொண்டே எதிரணியின் பாதிக்குள் ஓடுகிறார். வித்தை காட்டுவதற்காகச் செய்தது போலத் தெரியும். யோசித்துப் பார்த்தால், அந்தத் தரையில் பந்தோடு முன்னேற வேறு வழியே இல்லை.

1995இல் அர்சென் வெங்கர் பயிற்சியாளராக வந்தார். அந்த ஆண்டு ஜே லீக்கின் சிறந்த வீரர் விருது ஸ்டோய்கோவிச்சுக்கு, எம்பெரர் கோப்பை நகோயாவுக்கு. 1999இல் அதே கோப்பையை மீண்டும் வென்றார்கள். வெங்கரின் கீழ் ஆடிய அந்த ஒன்றரை ஆண்டுதான் அவரைப் பிற்காலத்தில் பயிற்சியாளராக்கியது என்பது என் ஊகம். குறுகிய பாஸ்கள், பந்தை விரைவாக முன்னே நகர்த்துவது, வீரரின் தன்னம்பிக்கையைத் தட்டி எழுப்புவது என்று 2008இல் அவரே நகோயாவின் பயிற்சியாளராகத் திரும்பியபோது நாங்கள் பார்த்தவை எல்லாம் அந்தக் காலத்தின் வாசனை உடையவை.

முதல் ஆண்டிலேயே மூன்றாம் இடம். 2009இல் ஆசிய சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி. 2010இல், கழக வரலாற்றில் முதன்முறையாக, லீக் பட்டம். 34 ஆட்டங்களில் 23 வெற்றி, 8 தோல்வி, மூன்றே மூன்று சமநிலை. 72 புள்ளிகள், இரண்டாம் இடத்து காம்பா ஒசாகாவைவிட 10 புள்ளிகள் அதிகம். அந்த மூன்று சமநிலை என்ற எண்ணைப் பாருங்கள். வெல்ல வேண்டும், இல்லையென்றால் தோற்றாலும் பரவாயில்லை என்ற மனநிலை அதில் அப்படியே தெரிகிறது. முன்னால் நெட்டையான ஆஸ்திரேலியர் ஜோஷுவா கென்னடி, பின்னால் தூலியோ, கோலில் நராசாகி. அந்த ஆண்டின் சிறந்த வீரர் விருதும் நராசாகிக்கே போனது.

யோகோஹாமா சம்பவத்தையும் சொல்லியாக வேண்டும். 2009 அக்டோபரில் மரினோஸ் அணிக்கு எதிராக, அடிபட்ட வீரருக்காக எதிரணி கோல்கீப்பர் பந்தை வெளியே அடித்தார். கோட்டுச் சூட்டும் தோல் காலணியுமாக ஓரத்தில் நின்ற ஸ்டோய்கோவிச், மேலிருந்து இறங்கிய அந்தப் பந்தைத் தரையில் விழுமுன் ஒரே உதையில் திருப்பி அனுப்பினார். அது பாதி மைதானத்தைத் தாண்டிப் பறந்து நேராக வலைக்குள் விழுந்தது. நடுவர் அவரை வெளியேற்றினார். அரங்கத்தில் இரு தரப்பு ரசிகர்களும் சிரித்தார்கள்.

பெஞ்ச் வீரன்

அந்தக் காணொளியை நூறு முறை பார்த்திருப்பேன். வயது அப்போது 44.

ஆஃப்சைடு கொடி

இப்போது பேச்சு உரிய இடத்துக்கு வந்திருக்கிறது. ஐச்சிவாசி சொன்ன மூன்று சமநிலைக் கணக்கைச் செர்பியாவோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

2022 உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் போர்ச்சுகல், அயர்லாந்து, லக்ஸம்பர்க், அஜர்பைஜான் ஆகியவை இருந்த குழுவில், எட்டு ஆட்டங்களில் ஆறு வெற்றி, இரண்டு சமநிலை, தோல்வியே இல்லை. அடித்தவை 18, வாங்கியவை 9. எட்டில் ஒரே ஓர் ஆட்டத்தில்தான் கோல் வாங்காமல் இருந்தார்கள், அதுவும் லக்ஸம்பர்க்கிடம். அஜர்பைஜானிடம் இரண்டு ஆட்டங்களிலும் ஆட்டத்துக்கு ஒரு கோல் வாங்கினார்கள். அதாவது, வெற்றி பெற்றுக்கொண்டிருந்த காலத்திலேயே பின்வாசல் திறந்துதான் கிடந்தது. மூன்று மையத் தற்காப்பாளர்கள், இரு ஓரங்களிலும் முன்னேறித் தாக்கும் கோஸ்டிச்சும் ஷிவ்கோவிச்சும், நடுவில் டாடிச், மிலின்கோவிச்-சாவிச், முன்னே மிட்ரோவிச், வ்லாஹோவிச். ஓர வீரர்கள் மேலே போனால் அவர்கள் விட்ட இடத்தை நிரப்ப ஆள் கிடையாது. எதிரணி பந்தைப் பறித்து நீளமாக ஒரு பாஸ் கொடுத்தால் போதும்.

கத்தாரில் கேமரூன் அதைத்தான் செய்தது. 3-1 என்று முன்னணியில் இருந்த பின்னும் தற்காப்பு வரிசை நடுக்கோட்டுக்கு அருகில் நின்றது. மாற்று வீரராக வந்த அபூபக்கர் அதன் முதுகுக்குப் பின்னால் ஓடி, 63ஆவது நிமிடத்தில் கோல்கீப்பரின் தலைக்கு மேல் பந்தைத் தூக்கிப் போட்டார். மூன்று நிமிடம் கழித்து அதே ஓட்டம், அதே இடம். இம்முறை சூப்போ-மோட்டிங்குக்குக் கொடுத்தார். 3-3. ஒரு முறை நடந்தால் அது எதிரணியின் திறமை. மூன்று நிமிடத்தில் இருமுறை நடந்தால், ஓரத்தில் நின்றவர் ஏதாவது செய்திருக்க வேண்டும். அடுத்து சுவிட்சர்லாந்திடம் 2-1 என்று முன்னணியில் இருந்து 2-3 என்று தோற்றார்கள். பிரேசில் ஆட்டத்தையும் சேர்த்து மூன்று ஆட்டங்களில் அடித்தவை 5, வாங்கியவை 8, புள்ளி 1.

மேற்கு கேலரி

மறுக்கவில்லை. ஆனால் லிஸ்பன் ஆட்டத்தைச் சொல்லாமலே கடந்துவிட்டீர்கள். 2021 நவம்பர் 14, கடைசி ஆட்டம். இரு அணிகளுக்கும் 17 புள்ளிகள். போர்ச்சுகலுக்குச் சமநிலையே போதும், செர்பியாவுக்கு வென்றே ஆக வேண்டும். இரண்டாவது நிமிடத்தில் ரெனாட்டோ சான்செஸ் அடித்துவிட்டார். பழைய செர்பிய அணிகள் அங்கேயே உடைந்திருக்கும். இவர்கள் அதன் பிறகு பந்தைத் தம் காலில் வைத்துக்கொண்டு ஆடினார்கள், டாடிச் சமன் செய்தார். சமநிலையில் இருந்த அந்த ஆட்டத்தின் இடைவேளையில், ஒரு தற்காப்பு நடுக்கள வீரரை எடுத்துவிட்டு மிட்ரோவிச்சை இறக்கினார் ஸ்டோய்கோவிச். 90ஆவது நிமிடத்தில் டாடிச்சின் கிராஸ் தூரத்துக் கம்பத்துக்கு வர, மிட்ரோவிச் தலையால் முட்டி உள்ளே அனுப்பினார்.

மிட்ரோவிச் யார் என்பதை நினைவுபடுத்துகிறேன். அதற்கு ஓராண்டும் இரண்டு நாளும் முன்பு, பெல்கிரேடில் ஸ்காட்லாந்துக்கு எதிரான யூரோ பிளேஆஃபில் கடைசிப் பெனால்டியைத் தவறவிட்டு அழுதுகொண்டே வெளியே போனவர். அந்தத் தோல்விக்குப் பிறகுதான் பயிற்சியாளர் தும்பகோவிச் நீக்கப்பட்டு ஸ்டோய்கோவிச் வந்தார். வந்தவுடன் அவர் செய்த முதல் வேலை, அந்த மனிதரை மீண்டும் அணியின் நடுவில் நிறுத்தியதுதான். அந்தத் தகுதிச்சுற்றில் மட்டும் மிட்ரோவிச் 8 கோல்கள் அடித்தார். ஐயா, நீங்கள் ஃபிளாரன்ஸ் குறுக்குக் கம்பத்தைப் பலவீனத்துக்குச் சாட்சியாக வைக்கிறீர்கள். பெனால்டி தவறவிட்டவனின் மனம் எப்படி இருக்கும் என்று அறிந்த ஒருவர் அந்த இடத்தில் இருந்தது மிட்ரோவிச்சுக்கு உதவியிருக்கும் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

பெஞ்ச் வீரன்

சரி, 2024 யூரோவை எப்படி விளக்குவீர்கள்? அங்கே அவர் திறந்த ஆட்டமும் ஆடவில்லையே. இங்கிலாந்திடம் 0-1. ஸ்லோவேனியாவிடம் 95ஆவது நிமிடத்தில் லூகா யோவிச்சின் தலையால் தப்பித்து 1-1. டென்மார்க்குடன் 0-0. அந்தக் கடைசி ஆட்டத்தில் வென்றால் அடுத்த சுற்று என்ற நிலையில், அவர்கள் கோல் அடிக்க அவசரப்பட்டதாகவே தெரியவில்லை. அணித்தலைவர் டாடிச்சை முதல் ஆட்டத்தில் பெஞ்சில் உட்கார வைத்தார். மூன்று ஆட்டத்தில் ஒரு கோல். கத்தாரில் சூடுபட்டவர் ஜெர்மனியில் அடுப்பைப் பற்றவைக்கவே பயந்தார் என்று தோன்றியது.

ஐச்சிவாசி

என் வருத்தமும் அதுதான். 34 ஆட்டத்தில் மூன்று சமநிலை கண்ட மனிதர், மூன்று ஆட்டத்தில் இரண்டு சமநிலையோடு வீடு திரும்பினார். தோற்றது வருத்தமில்லை, அவரைப் போல ஆடாமல் தோற்றது வருத்தம்.

நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். நகோயாவில் அவருக்கு ஆறு பருவங்கள் கிடைத்தன. வாரத்துக்கு ஐந்து நாள் பயிற்சி. ஓர வீரர் மேலே போனால் யார் கீழே நிற்பது என்பதை நூறு காலைகளில் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கலாம். அப்படிச் செய்து பார்த்தும் பட்டம் வர மூன்றாம் ஆண்டு ஆனது. சீனாவில் குவாங்சோ ஆர் அண்ட் எஃப் அணியிலும் 2015 முதல் 2020 தொடக்கம்வரை இருந்தார். அங்கே ஏரான் சகாவி கோல்களைக் குவித்தார், தற்காப்பு ஓட்டையும் குறையவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். தேசிய அணியில் செப்டம்பரில் ஒன்பது நாள், அக்டோபரில் ஒன்பது நாள். அதில் இரண்டு ஆட்டம், இரண்டு விமானப் பயணம். தற்காப்பு ஒழுங்கைக் கற்பிக்க அந்த நாட்கள் போதாது. ஏற்கெனவே உள்ள ஒழுங்கை நினைவூட்ட மட்டுமே போதும்.

ஆஃப்சைடு கொடி

அப்படியானால் அந்த ஒன்பது நாளில் கற்பிக்கக்கூடிய ஆட்டத்தைத்தான் ஒரு தேசியப் பயிற்சியாளர் தேர்ந்தெடுக்க வேண்டும். ஸ்டோய்கோவிச்சுக்கு இது தெரியாத விஷயமல்ல. ஓய்வு பெற்ற 2001இலேயே அவர் யூகோஸ்லாவியக் கால்பந்துச் சங்கத்தின் தலைவரானார், 2005வரை அந்த நாற்காலியில் இருந்தார். அவர் தலைவராக இருந்தபோதுதான் சாவிசெவிச் பயிற்றுவித்த அணி 2003இல் பாகுவில் அஜர்பைஜானிடமே தோற்றது. பிறகு பெட்கோவிச் வந்து தற்காப்பை இறுக்கி, 2006 உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றின் பத்து ஆட்டங்களில் ஒரே ஒரு கோல்தான் வாங்கினார். குறுகிய காலத்தில் எதைக் கற்பிக்கலாம் என்பதைத் தம் கண்ணெதிரே பார்த்தவர் ஸ்டோய்கோவிச்.

மேற்கு கேலரி

அந்த எடுத்துக்காட்டு உங்கள் வாதத்துக்கு எதிராகவே திரும்புகிறது, நண்பரே. பத்து ஆட்டத்தில் ஒரு கோல் வாங்கிய அதே அணி, ஜெர்மனிக்குப் போய் மூன்று ஆட்டத்தில் பத்துக் கோல் வாங்கியது. அர்ஜென்டினாவிடம் மட்டும் ஆறு. 2010இல் ஜெர்மனியை 1-0 என்று வென்றும் குழுச்சுற்றோடு வெளியேறினார்கள். 2018இலும் குழுச்சுற்றோடு சரி. பெட்கோவிச், ஆன்டிச், கிர்ஸ்டாயிச், ஸ்டோய்கோவிச் என்று நான்கு பயிற்சியாளர்கள், நான்கு விதமான ஆட்டம், நான்கு முறையும் ஒரே முடிவு. 1998இல் ஸ்டோய்கோவிச்சே அணித்தலைவராக இருந்து ஜெர்மனிக்கு எதிராகக் கோல் அடித்து, அடுத்த சுற்றில் நெதர்லாந்திடம் டேவிட்ஸின் கடைசி நேர கோலில் தோற்றார்களே, அதற்குப் பிறகு உலகக் கோப்பையில் அந்த நாடு குழுச்சுற்றைத் தாண்டியதே இல்லை. குறையை ஒருவர் தலையில் மட்டும் கட்டுவது எளிது.

இதை எழுதும்போதே, இழையின் தொடக்கத்தில் நான் எழுதியதை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. தகுதி பெறும் திறமை அவரிடம் இருந்தது, வெல்லும் திறமை இல்லை என்று பிரித்தேன். கடைசி ஆண்டில் முதலாவதும் போய்விட்டது. 2026 தகுதிச்சுற்றில் அவர் பொறுப்பில் இருந்த ஐந்து ஆட்டங்களில் அடித்தவை நான்கே கோல்கள். அதில் மூன்று அன்டோராவுக்கு எதிராக. முதல் தகுதிச்சுற்றில் 18 அடித்தவர் அவர். டாடிச் ஓய்வு பெற்றிருந்தார், கோஸ்டிச்சுக்கும் மிட்ரோவிச்சுக்கும் வயது ஏறியிருந்தது, அவர்கள் இடத்துக்கு அதே தரத்தில் ஆள் வரவில்லை. 2025 மார்ச்சில் ஆஸ்திரியாவை பிளேஆஃபில் வென்று நேஷன்ஸ் லீக்கின் முதல் பிரிவைத் தக்கவைத்ததை நம்பி, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சங்கமும் அவரும் நினைத்துவிட்டார்கள். 2024 யூரோ முடிந்ததும் விலகியிருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது.

பத்தாம் எண்

இரண்டு நாளாக எல்லோருடைய பதிலையும் படித்துவிட்டு எழுதுகிறேன். தீர்மானமான நொடிக்கு முன்னால் தளர்ந்தவர் என்று நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆஃப்சைடு கொடியின் முழங்கால் கணக்கு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், என் பழைய குறிப்பேட்டைப் புரட்டியபோது கண்ணில் பட்ட இரண்டு வரிகள். 1984 யூரோவில், பிளாட்டினி மூன்று கோல் அடித்துப் பிரான்ஸ் 3-1 என்று முன்னணியில் இருந்தபோது, யூகோஸ்லாவியாவுக்குக் கிடைத்த பெனால்டியை எடுத்து உதைத்து உள்ளே போட்டவர் 19 வயது ஸ்டோய்கோவிச். மூடுபனிக்கு மறுநாள் மிலானுக்கு எதிரான ஷூட்அவுட்டிலும் அவர் தம் உதையைக் கோலாக்கினார். தவறவிட்டவர்கள் சாவிசெவிச்சும் மிர்கெலாவும். இத்தனை ஆண்டுகள் ஃபிளாரன்ஸையும் பாரியையும் மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் நானே மறந்திருக்கிறேன்.

பயிற்சியாளராக அவர் மீதுள்ள குறைகளில் கேமரூன் ஆட்டத்தின் அந்த மூன்று நிமிடங்களை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஐச்சிவாசி

லெஸ்கோவாச் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பார்த்தேன். நிஷ் நகரத்துக்குத் தெற்கே, காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ராட்னிச்கி நிஷ் அணிக்கு 16 வயதில் ஆடத் தொடங்கிய பையன், அதே வட்டாரத்து மைதானம் ஒன்றில்தான் கடைசியாகக் கோட்டும் தோல் காலணியுமாக நின்றிருக்கிறார்.

பெஞ்ச் வீரன்

அவருக்குப் பின் பொறுப்பேற்றவர் வெல்கோ பவுனோவிச். 2015இல் 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையைச் செர்பியாவுக்கு வென்று தந்தவர். செர்பியா 2026 உலகக் கோப்பைக்குப் போகாததால் அவருக்காவது நேரம் கொடுப்பார்களா என்று பார்க்கலாம். அவருக்குத் தனி இழை தொடங்கியிருக்கிறேன். அங்கே வாருங்கள், ஐயாவும் குறிப்பேட்டோடு வர வேண்டும்.